வெட்டாத வயர்

கட்டிங் பிளையரின் வாயைப் பழைய வாஷிங் மெஷினின் வயர் மேல் வைத்துவிட்டேன். ஒரே அழுத்து, வேலை முடிந்துவிடும். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு புரூனோ ஒரு பழைய மெத்தையை முதுகில் சுமந்துகொண்டு தெருவோரத்துக்கு வந்தான்.

வருடத்துக்கு ஒரு முறை வரும் பெரிய குப்பை வாரம் அது. அன்று ஞாயிறு. வெள்ளிக்கிழமை, குப்பை அள்ளும் கவுன்சில் லாரி வரும். அதற்குள் கால் ஒடிந்த கட்டில், மங்கிப்போன டிவி, பிள்ளைகள் வளர்ந்து ஓட்டாமல் விட்ட சைக்கிள் எல்லாம் ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னாலுள்ள புல்லில் வந்து உட்கார்ந்துவிடும். லாரி வருவதற்குள் பாதி காணாமலும் போய்விடும். பின்பக்கம் திறந்த யூட் வண்டிகள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து வரும், ஒவ்வொரு குவியலுக்கும் முன்னால் தயங்கி நிற்கும். எடுப்பதில் யாருக்கும் வெட்கமில்லை. எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியே மூன்று தெரு தள்ளி ஒரு புல்லிலிருந்து வந்ததுதான். புல்லில் வைத்துவிட்டால் வைத்தவருக்கு அதன் மேல் உரிமையில்லை. எடுத்தவர் கேள்வி கேட்க வேண்டியதில்லை. பதிலுக்கு ஒரே ஒரு மரியாதை உண்டு. கரண்ட் சாமான் செத்துப்போயிருந்தால் வயரை வெட்டிவிட வேண்டும். வெட்டிய வயர் என்றால் பழைய இரும்புக்கு மட்டும். சுருட்டி டேப் ஒட்டிய வயர் என்றால் தைரியமாக வீட்டுக்குக் கொண்டுபோகலாம். யூட் ஓட்டுகிறவன் வண்டியிலிருந்து தலையை நீட்டி முதலில் பார்ப்பது அந்த வயரைத்தான்.

"என்னப்பா நெவ், கொலை பண்றியா?" மெத்தையைத் தொப்பென்று போட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு புரூனோ நின்றான். "நீயே ஒரு மெஷினைக் கைவிட்டா இந்தத் தெருவுல வேற எதுக்குடா உசிரு மிஞ்சும்?"

"ஓடத்தான் ஓடுது. புதுசு வந்துடுச்சு, கராஜ்ல இடமில்ல."

"ஓடுதுன்னா அப்புறம் எதுக்கு வயரை வெட்டுற?"

சுலபமான கேள்வி. பதிலும் சுலபம்தான். ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முப்பத்தொரு வருடம் உயர்நிலைப் பள்ளியில் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். ஆடும் பெஞ்சு, ஒழுகும் குழாய், அடிக்க மறுக்கும் மணி எல்லாம் என் கைக்குத்தான் வரும். நான் ஓய்வு பெற்ற நாளில் பிள்ளைகள் ஒரு பெரிய அட்டையில் 'நெவில் தொட்டால் ஓடும்' என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அட்டை இன்னும் கராஜ் சுவரில் இருக்கிறது. தெருவில் எவர் வீட்டில் டோஸ்டர் புகைந்தாலும் புல்வெட்டும் மெஷின் அடம்பிடித்தாலும் 'நெவ்கிட்ட குடு' என்பார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. அது இல்லாமல் காலையில் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது என்று கிளெண்டா ஒரு முறை சொன்னாள். கிளெண்டா என் மனைவி. எதையும் ஒரு முறைதான் சொல்வாள்.

அந்த வாஷிங் மெஷினுக்குப் பத்தொன்பது வயது. மேலே மூடி திறக்கும் வகை. ஏப்ரலில் ஒரு நாள் தோய்த்தது, அலசியது, ஆனால் பிழியவில்லை. ரிப்பேர்க்காரர் வந்து பார்த்தார். மூடி திறந்திருக்கும்போது டிரம் சுற்றாமல் தடுக்க உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அது போய்விட்டது. "இந்த மாடலுக்கு இப்ப சாமான் வர்றதில்ல. நல்லாத்தான் உழைச்சிருக்கு, விட்டுடுங்க" என்றார். கிளெண்டா அப்போதே கடை விளம்பரத் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நகத்தளவு சுவிட்சுக்காக ஒரு முழு மெஷினையா? அவர் போன அரைமணி நேரத்தில் அந்த சுவிட்சைக் கழற்றி எறிந்தேன். அதற்கு வந்த இரண்டு வயர் முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து முறுக்கினேன். அதற்குப் பிறகு மூடி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதே மெஷினுக்குத் தெரியாது. எப்போதும் மூடியிருப்பதாக நினைத்துக்கொண்டு சுற்றியது.

"பாத்தியா? ஒரு காசு செலவில்ல" என்றேன்.

மூடியைத் தூக்கினாலும் டிரம் இனி நிற்காது என்பதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. சொல்லியிருந்தால் நான் செய்ததற்கு ரிப்பேர் என்று பெயர் இருந்திருக்காது. அதுதான் விஷயம்.

கிளெண்டாவுக்கு ஒரு பழக்கம். பிழியும்போது துணி ஒரு பக்கமாக ஒதுங்கி மெஷின் கடகடவென்று ஆடினால், மூடியைத் தூக்குவாள். டிரம் நிற்கும். துணியைப் பரப்பிவிட்டு மூடுவாள். பத்தொன்பது வருடப் பழக்கம். அதன் பிறகு ஒரு வியாழக்கிழமையும் அப்படித்தான் தூக்கினாள், பார்க்காமலே கையை விட்டாள். ஈரமான டவலின் முனை அவள் கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. நான் கராஜிலிருந்து ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கியபோது அவள் மெஷினின் மேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தாள். கத்தவில்லை. "நெவ், இது நிக்கலியே" என்று மட்டும், ஏதோ புரியாத கணக்கைக் கேட்பதுபோலக் கேட்டாள். வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், எப்படி ஆச்சு என்று கேட்டாள். நான் கிளெண்டாவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கிளெண்டா என் பக்கம் திரும்பவே இல்லை.

"தோட்டத்துல ஹோஸ் தடுக்கி விழுந்துட்டேன்."

நர்ஸ் எழுதிக்கொண்டாள். நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன்.

ஹோஸ் கதை தெரு முழுக்கப் பரவியது. புரூனோ பாத்திரம் நிறைய சூப் கொண்டு வந்து வைத்துவிட்டு, "ஒரு ஹோஸைச் சுருட்டி வைக்கத் துப்பில்ல, நீயெல்லாம் மெக்கானிக்கா?" என்று கிளெண்டா முன்னாலேயே என்னைத் திட்டினான். குனிந்த தலையோடு வாங்கிக்கொண்டேன். செய்யாத தப்புக்குத் திட்டு வாங்குவது எவ்வளவு நிம்மதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாளே கடைக்குப் போய் ஹோஸ் சுருட்டும் சக்கரம் ஒன்று வாங்கி வந்தேன். அதை வாசல் சுவரில், தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும் இடமாகப் பார்த்து மாட்டினேன். டிரில் சத்தம் கேட்டு கிளெண்டா ஜன்னலுக்கு வந்தாள். மாவுக்கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, நான் கடைசி ஸ்குரூவை முறுக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டில்தான் அவள் கேட்டாள். "இப்பவாவது புதுசு வாங்கலாமா?"

"மெஷின் மேல என்ன தப்பு? சுத்திட்டிருக்கிறதுக்குள்ள யாராவது கையை விடுவாங்களா?" என்றேன்.

சொன்னேன். இதே வாயால் சொன்னேன். கிளெண்டா இடது கையால் உருளைக்கிழங்கைப் பிட்டுக்கொண்டிருந்தாள். முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். எழுந்து போய், இடது கை ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் புது மெஷினுக்கு ஆர்டர் கொடுத்தாள். அடுத்த வாரம் அது வந்தது. முன்பக்கம் கண்ணாடிக் கதவு. தொடங்கும்போது க்ளிக் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு யார் இழுத்தாலும் கதவு திறக்காது. பழையது கராஜுக்குப் போனது. நானும் கிளெண்டாவும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அந்த மெஷின்தான் இப்போது புல்லில் நிற்கிறது. வயரின் மேல் பிளையர். எதிரே புரூனோ.

வெட்டினால் என்ன அர்த்தம்? நெவில் தொட்டது செத்துப்போனது என்று அர்த்தம். ஏன் செத்தது என்று அடுத்த கேள்வி வரும்.

"வெட்டல. சும்மா வயர் நல்லாருக்கான்னு பாத்தேன்" என்றேன். பிளையரை ஜாக்கெட் பைக்குள் போட்டேன்.

"அப்ப எழுதி வை. யாருக்காவது உதவும்." அவனே தன் கராஜிலிருந்து ஒரு அட்டையும் கறுப்பு மார்க்கரும் கொண்டு வந்தான். நான் 'நன்றாக ஓடும்' என்று எழுதினேன். "உன் பேரையும் போடு" என்றான் புரூனோ. "இந்தத் தெருவுல அதுக்கு மேல என்ன கேரண்டி வேணும்?" நெவில், 14ஆம் நம்பர் என்றும் எழுதினேன். வயரைச் சுருட்டி டேப் ஒட்டினேன். எப்படியும் பழைய இரும்புக்காரன்தான் எடுப்பான், பிரித்துப்போட்டு விற்பான், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, அப்படி நினைக்க ஏற்பாடு செய்துகொண்டேன் என்பதுதான் சரி.

திங்கட்கிழமை காலையில் மெஷின் இல்லை. புல்லில் நாலு கால் அழுந்திய தடம் மட்டும் இருந்தது. எனக்குச் சின்னதாக ஒரு சந்தோஷம்கூட வந்தது.

"யாரு எடுத்தா?" இடது கையால் தேநீரைக் கலக்கிக்கொண்டே கிளெண்டா கேட்டாள்.

"பழைய இரும்புக்காரனாத்தான் இருக்கும்."

"வயரை வெட்டித்தானே வெச்சே?"

"ம்" என்றேன்.

புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கிளெண்டா திறந்தாள். நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். புரூனோ நின்றான். அவன் பக்கத்தில் முடியை உச்சியில் தூக்கிக் கட்டிய ஒரு இளம்பெண். அவள் இடுப்பில் இடித்துக்கொண்டு நாலு வயதில் ஒரு சிறுமி. சிறுமியின் கையில் ஒரு தட்டு. தட்டில் பொரியையும் சாக்லேட்டையும் சேர்த்துக் காகிதக் கிண்ணங்களில் நிரப்பிய உருண்டைகள். பாதி உருண்டைகளில் விரல் தடம்.

"நெவில் இருக்காரா? நான் டீகன், தெருமுனைல கடைசி வீடு. ரெண்டு மாசம்தான் ஆச்சு வந்து. இவ மார்லி. உங்க வாஷிங் மெஷினை நாங்கதான் எடுத்தோம்."

"நான்தான் டிராலில வெச்சுத் தள்ளிட்டுப் போய்க் குடுத்தேன்" என்றான் புரூனோ, ஏதோ பெண் பார்த்து முடித்துவைத்தவன்போல. "அட்டைல நெவ் பேரு இருக்கு, கண்ணை மூடிட்டு எடுத்துக்கோன்னேன்."

"ரெண்டு மாசமா பையில தூக்கிட்டு லாண்டிரிக் கடைக்கு அலைஞ்சேங்க. இவ வேற ராத்திரில படுக்கையை நனைச்சுடுவா..."

"அம்மா! சொல்லாத!" என்றது சிறுமி.

"சரி, சொல்லல. என்னமா ஓடுது தெரியுமா? இவளுக்கு டிவியே வேணாம்னு ஆயிடுச்சு. ஸ்டூலைப் போட்டு ஏறி நின்னுக்கிட்டு, மூடியைத் தூக்கித் தண்ணி சுத்துறதையே பாத்துட்டிருக்கா."

கிளெண்டா தட்டை இடது கையால் வாங்கிக்கொண்டாள். அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

"உங்க கைக்கு என்ன ஆச்சு?" என்று மார்லி கேட்டாள்.

கிளெண்டா மாவுக்கட்டுக் கையை உடம்போடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"விழுந்துட்டேன் கண்ணு. தோட்டத்துல."

"ஹோஸ்!" என்றான் புரூனோ. "இந்த மகராசன் குறுக்கப் போட்டு வெச்ச ஹோஸ்!"

வாஷ் போட்டுவிட்டு வந்திருக்கிறேன், போய் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு டீகன் கிளம்பினாள். கதவு சாத்தியது. கிளெண்டா தட்டை மேஜையில் வைத்தாள், ஒரு உருண்டை சாய்ந்து விழப்போனதை நிமிர்த்தி வைத்தாள்.

"வெட்டினேன்னு சொன்னே."

நான் உருண்டைகளில் இருந்த விரல் தடங்களைப் பார்த்தேன்.

"நீ போறியா, நான் போகட்டுமா?"

கேட்டுவிட்டு அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து ஷூவை மாட்டத் தொடங்கினாள். ஒரு கையால் லேஸைக் கட்ட முடியாது. ஐந்து வாரமாக நான்தான் கட்டிவிடுகிறேன். அன்று அவள் என்னைக் கூப்பிடவில்லை. ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மறு முனையை இழுத்தாள்.

"நான் போறேன் கிளெண்டா. நான் போறேன்."

போகிறேன் என்றவன் உடனே போனேனா? பிளையரைத் தேடினேன். கராஜில் மூன்று பெட்டிகளைக் கவிழ்த்தேன். கொட்டிய ஆணிகளைப் பொறுக்கி, நீளவாரியாகப் பிரித்து வேறு வைத்தேன். பிள்ளைகள் எழுதிய அட்டை தலைக்கு மேல் தொங்கியது. பத்து நிமிடம் கழித்து ஜாக்கெட் பையில் கைவிட்டபோது பிளையர் ஞாயிற்றுக்கிழமை போட்ட இடத்திலேயே இருந்தது.

டீகன் கதவைத் திறந்து, முகமெல்லாம் சிரிப்பாக "வாங்க நெவில், உருண்டை நல்லாருந்துச்சா?" என்றாள்.

"அந்த மெஷினை..." வழி நெடுக ஒத்திகை பார்த்த வாக்கியம் வரவில்லை. வேறொரு வாக்கியம் வந்தது. "அந்த மெஷினைத் திருப்பி எடுத்துக்கலாம்னு வந்தேன்ம்மா."

சிரிப்பு நின்றது. "எதுக்கு?"

"கொஞ்சம் தேவைப்படுது."

"உங்க வீட்டுல புதுசு இருக்குன்னு புரூனோ சொன்னாரே."

"இருக்கு. இருந்தாலும்..."

"புல்லுல வெச்சா வெச்சதுதானே? அதுதானே இங்க வழக்கம்? யாராவது காசு குடுத்துக் கேட்டாங்களா?" அவள் கழுத்து சிவந்தது. "சொல்லுங்க, பரவால்ல. வாடகைக்கு இருக்கிறவளுக்கு ஓசில போறதுக்குப் பதிலா நாலு காசு வந்தா நல்லதுதானே. ஆனா ஒண்ணு, அந்தத் தட்டையும் கையோட எடுத்துட்டு வந்திருக்கலாம் நீங்க. உருண்டை தின்னாச்சுன்னா."

நான் நின்றேன். கஞ்சன் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. உண்மையாகவே தோன்றியது. கொடுத்ததைப் பிடுங்கும் அற்பன் என்று தெரு முழுக்கச் சொல்லட்டும். அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஹோஸுக்கு வந்த திட்டை வாங்கிக்கொண்டதுபோல இதையும் வாங்கிக்கொள்ளலாம். மெஷின் திரும்பி வந்துவிட்டால் போதும், மற்றது யாருக்கும் தெரிய வேண்டாம். அப்படி ஒரு ஏற்பாட்டை மனசு செய்துகொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து டக் என்று ஒரு சத்தம் வந்தது. பிழியத் தொடங்குவதற்கு முன் அந்த மெஷின் ஒரு முறை இருமும். அப்புறம் தாழ்வாக ஒரு முனகல். பத்தொன்பது வருடம் கேட்ட சத்தம்.

"அம்மா, சுத்தப் போகுது!" என்று மார்லி உள்ளேயிருந்து கத்தினாள்.

டீகனைத் தள்ளிவிட்டுத்தான் உள்ளே ஓடினேன். அவள் தோள் சுவரில் மோதியது. கூடம், சமையலறை, அதற்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சிறிய இடம். மார்லி ஸ்டூலின் மேல் நுனிக்காலில் நின்றாள். மூடி சுவரில் சாய்ந்து திறந்திருந்தது. ஒரு கை மெஷின் விளிம்பில். இன்னொரு கையில் ஒரு பொம்மை முயல், காதைப் பிடித்துத் தொங்கவிட்டிருந்தாள். முயலின் கால் டிரம்முக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு கையால் குழந்தையை இடுப்போடு தூக்கினேன். மறு கையால் பிளக்கைப் பிடுங்கினேன்.

பிடுங்கினாலும் டிரம் உடனே நிற்பதில்லை. அது எனக்குத் தெரியும். கிளெண்டாவுக்கும் தெரியும். டீகனுக்கு இப்போதுதான் தெரிந்தது. அவள் என் கையிலிருந்து குழந்தையைப் பறித்துக்கொண்டு நின்றாள். மூடி திறந்திருக்க, வேகம் இன்னும் அதிகம் குறையாமல் டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. துணிகள் விளிம்போடு ஒட்டி ஒரே நிறமாகத் தெரிந்தன.

"மூடியைத் திறந்தா இது நின்னுடணும்" என்றேன். டிரம்மைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன். "நிக்க வைக்கிற சுவிட்ச் ஒண்ணு உண்டு. அது கெட்டுப்போச்சு. நான் அதைக் கழட்டிட்டு நேரா வயரை முறுக்கிட்டேன்."

டிரம் சுற்றியது.

"அப்ப இது இப்படித்தான் சுத்தும்னு..."

"தெரியும்."

"தெரிஞ்சேவா புல்லுல வெச்சீங்க? நன்றாக ஓடும்னு எழுதி? பேரைப் போட்டு?"

"தெரிஞ்சேதான்."

துணிகள் இப்போது தனித்தனியாகத் தெரியத் தொடங்கின. ஒரு சிவப்புக் காலுறை. பூப்போட்ட சின்னப் படுக்கை விரிப்பு. டீகன் குழந்தையின் வலது கையைப் பிடித்து, விரல் விரலாகத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் கண் என் முகத்துக்கு வந்து, எதையோ நினைத்து நின்றது.

"உங்க மனைவி தோட்டத்துல விழுந்தேன்னாங்களே."

"தோட்டத்துல விழல" என்றேன்.

டிரம் ஒரு முறை ஆடி நின்றது.

இதை அதற்கு முன் நான் வெளியே சொன்னதில்லை. கிளெண்டாவிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. பையிலிருந்து பிளையரை எடுத்தேன். மெஷினின் முதுகோடு ஒட்டி, விரல் நீளம் மட்டும் விட்டு வயரை வெட்டினேன். அந்தச் சத்தத்துக்கு மார்லி கண்ணைச் சிமிட்டினாள். பிளக்கோடு இருந்த நீள வயரை என்ன செய்வது என்று தெரியாமல் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"துணியை எங்க வீட்டுல அலசித் தரேன்ம்மா."

"வேணாம்."

"பாதியில நிக்குது. சோப்பு..."

"வேணாம்னேன்ல? போங்க நெவில்."

டிராலி புரூனோவுடையது. அவனிடம்தான் போய்க் கேட்க வேண்டியிருந்தது. ஏன், என்ன, எதற்கு என்று கேட்டான். சொன்னேன். டீகனிடம் சொன்னதை அப்படியே, கிளெண்டாவின் கை உட்படச் சொன்னேன். புரூனோ தூக்கத்தில்கூடப் பேசுகிறவன் என்று அவன் மனைவி சொல்வாள். மெஷினைச் சாய்த்து டிராலியில் ஏற்றி, தெரு நீளத்துக்கும் தள்ளிக்கொண்டு வந்து, எங்கள் வீட்டுப் புல்லில் பழைய நாலு தடத்திலேயே இறக்கும் வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. இறக்கி வைத்ததும் வாசல் சுவரைப் பார்த்தான். ஹோஸ் சக்கரத்தைப் பார்த்தான். டிராலியை இழுத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டான். கராஜ் கதவு இறங்கும் சத்தம் கேட்டது.

நான் புல்லிலேயே நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் டீகன் வந்தாள். மார்லியின் தள்ளுவண்டியில் இரண்டு கறுப்புக் குப்பைப் பைகள், அடியில் சோப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட. லாண்டிரிக் கடைக்கு இந்த வழியாகத்தான் போக வேண்டும். மார்லி முயலை அணைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். டீகன் நேராகப் பார்த்தபடி என்னைக் கடந்துபோனாள்.

எங்கள் கதவு திறந்தது. கிளெண்டா லேஸ் அவிழ்ந்த ஷூவோடு இறங்கி, என்னைக் கடந்து, தெருவில் வேகமாகப் போனாள். இரண்டு வீடு தள்ளி டீகனைப் பிடித்தாள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. டீகன் தலையை ஆட்டி மறுத்தாள். கிளெண்டா ஏதோ சொன்னாள். மாவுக்கட்டுக் கையை உயர்த்தி, மணிக்கட்டில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள், பிறகு இன்னோர் இடத்தை. மார்லி எட்டி அந்தக் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். டீகன் தள்ளுவண்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு பையை எடுத்து கிளெண்டாவின் இடது கையில் கொடுத்தாள். ஒன்றே ஒன்றுதான். இன்னொன்றைத் தள்ளுவண்டியிலேயே வைத்துக்கொண்டு கடைப் பக்கம் நடந்தாள்.

கிளெண்டா பையை இழுத்துக்கொண்டு வந்தாள். புல்லில் சோப்புக் கோடு விழுந்தது. நான் வாங்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

"சொன்னியாமே" என்றாள்.

"சொன்னேன்."

"என்னைக் கேக்காம."

அப்படி ஒரு கணக்கு இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. ஐந்து வாரம் அவள் எனக்காகச் சுமந்த பொய், அவளைக் கேட்காமலே அம்பலமாகிவிட்டது. நாளைக்குத் தெருவில் அவளும்தான் தலை நிமிர வேண்டும்.

"அட்டையை மாத்து" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மெஷினில் அட்டை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் கராஜிலிருந்து ஒரு மார்க்கரை எடுத்து வந்தேன். 'நன்றாக ஓடும்' என்பதை அடித்தேன். அதன் கீழே 'எடுக்காதீர்கள்' என்று எழுதினேன். போதாது என்று பட்டது. 'மூடியைத் திறந்தாலும் நிற்காது. ஒருவர் கை முறிந்தது' என்று எழுதினேன். எழுத எழுத எழுத்துச் சிறுத்தது, இடம் குறைந்துகொண்டே வந்தது. கடைசி ஓரத்தில் 'இப்படிச் செய்தது நான்தான்' என்று நெருக்கி எழுதினேன். நெவில், 14ஆம் நம்பர் என்பது அதற்குக் கீழே ஏற்கெனவே இருந்தது. அது ஞாயிற்றுக்கிழமைக் கையெழுத்து, பெரியது.

வெயில் சாய்ந்துவிட்டது. தெருமுனையில் ஒரு யூட் திரும்பியது. பின்னால் இரண்டு சைக்கிள், ஒரு தையல் மேஜை. ஊர்ந்து ஊர்ந்து வந்து எங்கள் புல்லுக்கு முன்னால் நின்றது. ஓட்டியவனுக்கு என் மகன் வயது இருக்கும். தலையை நீட்டி மெஷினின் பின்பக்கத்தைப் பார்த்தான். விரல் நீளத்துக்குத் துருத்திக்கொண்டிருந்த வயரைப் பார்த்தான். அதோடு போயிருக்கலாம். போகவில்லை. அட்டையைப் படித்தான். உதடு அசைய, மேலிருந்து கீழ் ஓரம் வரை படித்தான். படித்து முடித்துத் தலையைத் தூக்கினான். மார்க்கரைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தான்.

நான் வீட்டுக்குள் போய்விடவில்லை. உள்ளேயிருந்து புது மெஷினின் கதவு க்ளிக் என்று பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது, அதன் பின்னால் தண்ணீர் விழத் தொடங்கும் சத்தம். வண்டியின் சிவப்பு பிரேக் விளக்கு அணைந்தது. அடுத்த வீட்டுக் குவியலை நோக்கி அது மெல்ல நகர்ந்தது.